யாரும் ஊதாத சுரம்

நோர்மா புசெத்தோ காலியிடம் பொறுக்காதவள். அலமாரியில் ஒரு தட்டு உடைந்தால் அன்று சாயங்காலமே அந்த இடத்தில் வேறொரு தட்டு ஏறி உட்கார்ந்திருக்கும். பேசுகிறவர் வார்த்தை தேடிக் கொஞ்சம் நின்றால் போதும், அந்த வார்த்தையை இவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். பாதி நேரம் அது தப்பான வார்த்தையாக இருக்கும். அதைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், தான் பேசி முடிக்கும் வரை உட்கார்ந்திருக்க எந்த ஆம்பளைக்கும் பொறுமை இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பிழைப்புக்குப் படகுத்துறையில் டிக்கெட் கொடுத்தாள். வெனிஸில் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்தவர்களை உலகமே ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: சான் மார்க்கோவுக்கு எந்தப் படகு? நோர்மா தலை நிமிராமல் கையை மட்டும் இடது பக்கம் நீட்டுவாள். மடியில் எப்போதும் இசைத்தாள் இருக்கும். பென்சிலால் எழுதுவாள், அழிப்பாள், ரப்பர் தூளை ஊதித் தள்ளுவாள். வெளியூர்க்காரர்கள் அவளை முசுடு என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

கஸ்தெல்லோ பகுதியின் கோடியில், பழைய கப்பல் பட்டறைச் சுவருக்குப் பின்னால் எங்கள் பங்குக் கோவில் இருக்கிறது. பீடத்துக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு மாடங்கள். இங்கே ஒரு கோஷ்டி, அங்கே ஒரு கோஷ்டி என்று பாடகர்கள் நின்று, ஒன்று கேட்க மற்றது பதில் சொல்லப் பாடுவதற்காகவே நானூறு வருஷத்துக்கு முன் கட்டியவை. இப்போது பங்கில் உருப்படியாகப் பாடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் சின்ன வயதில் வாத்தியக் குழுவில் இருந்த எட்டுப் பேர் கிளாரினெட் ஊதினார்கள். பாடகர்கள் இடத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பழைய பாட்டுகளைக் கிளாரினெட்டுக்கு மாற்றி எழுதுவது நோர்மாவின் பொறுப்பு. அந்தக் காலத்தில் முழுப் பாட்டையும் ஒரே ஏட்டில் எழுதமாட்டார்கள்; குரலுக்கு ஒரு ஏடாகத் தனித்தனியே இருக்கும். எட்டையும் சமையலறை மேஜையில் பரப்பி, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்து, யார் கிளாரினெட்டுக்கு எந்தக் குரல் என்று பிரிப்பாள். பிறகு அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில், பாடகர்கள் பாடிய லத்தீன் அசையை எழுதி வைப்பாள். ஊதுகிறவர் மனசுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டேதான் ஊத வேண்டும்.

“நான் ஊதணுமா, ஜெபம் பண்ணணுமா?” என்று ஓரெஸ்தே ஒவ்வொரு முறையும் கேட்பான். முடிதிருத்துகிறவன்; அவளோடு ஒரே மாடத்தில் ஊதுகிறவன்.

“ரெண்டும் பண்ணு. வார்த்தை இல்லாம ஊதினா அது குழாய்ல தண்ணி வர்ற சத்தம்தான்” என்பாள் நோர்மா.

இரண்டாவது மாடத்தில் நான்கு பேர். மேலே இரண்டு குரல் நோர்மாவும் ஓரெஸ்தேயும். அடுத்தது எல்தா என்ற தையற்காரி. எல்லாவற்றுக்கும் அடியில், முழங்காலுக்கு நடுவே நிறுத்தி ஊதும் பெரிய கிளாரினெட்டோடு நோர்மாவின் தம்பி துல்லியோ. நோர்மாவுக்கும் ஓரெஸ்தேவுக்கும் நடுவில்தான் அவன் நாற்காலி. அந்த மாடத்தில் அங்கே மட்டும்தான் அவன் கால் நீட்ட இடம் இருந்தது.

அந்தத் துல்லியோதான் பிப்ரவரி மாத மூடுபனியில் காணாமல் போனான்.

அவன் சரக்குப் படகு ஓட்டினான். மதுக்கடைகளுக்குப் பெட்டிகள் கொண்டுபோய்ப் போடும் வேலை. முரானோ தீவுப் பக்கம் போனவன் திரும்பவில்லை. மறுநாள் பனி விலகியபோது, கல்லறைத் தீவைத் தாண்டிக் காயலின் ஆழமில்லாத பகுதியில் படகைக் கண்டுபிடித்தார்கள். பெட்டிகள் அடுக்கினது அடுக்கினபடி இருந்தன. இன்ஜின் நிறுத்தியிருந்தது. முன்னும் பின்னும் கயிறு போட்டு இரண்டு மரக்கம்பங்களில் படகை ஒழுங்காகக் கட்டியிருந்தது, ஆள் இறங்கிப் போனால் கட்டுவது போல. அந்த இடத்தில் இறங்கிப் போக ஒன்றுமே இல்லை. சுற்றி இடுப்பளவு தண்ணீர், அதற்கடியில் ஆளை விழுங்கும் சேறு. வாரக்கணக்கில் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

அவன் மனைவி லிவியா கறுப்பு உடுத்த மாட்டேன் என்றாள். ஓட்டலில் துணி தேய்க்கும் வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தாள். இரண்டு பேருக்குச் சமைத்தாள். அவர் வந்து சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லிக் கடைசியில் தானும் சாப்பிடாமல் கொட்டினாள். பனி இறங்கும் சாயங்காலங்களில் ஜன்னலைத் திறந்து, கால்வாயைப் பார்த்து அவன் பெயரைக் கூப்பிட்டாள். கத்தவில்லை, அடுத்த அறையில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற குரல். அக்கம்பக்கத்தார் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு தங்கள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். நானும் சாத்தினேன். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு யாராலும் சோறு உண்ண முடியாது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், லிவியா தன் வீட்டு வாசலில் தண்ணீருக்குள் இறங்கும் படிகளில், முழங்கால் வரை நனைந்து நின்றுகொண்டிருந்தாள். நோர்மாதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கூப்பிட்டாரு அக்கா. பதில் சொல்லாம எப்படி இருக்கிறது?” என்றாள் லிவியா. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த முறை தான் அந்தப் பக்கம் வராமல் போனால் இவள் படியிறங்கிப் போய்விடுவாள் என்பது நோர்மாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தம்பியைத்தான் தண்ணீர் கொண்டுபோயிற்று. இவளையாவது விட்டுவைக்க வேண்டும்.

நோர்மா பங்குக் கோவிலின் சிஸ்தோ சாமியாரிடம் போனாள். நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். பூசையில் செத்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். துல்லியோவின் பெயரை வாசித்துவிடலாம் என்றார் அவர். அதை லிவியாவிடம் சொன்னபோது அவள் முகம் இறுகிவிட்டது. செத்தவர்களோடு அவர் பெயரை வாசித்தால் அவருக்குக் கேட்கும், நான் கைவிட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார், பிறகு வரமாட்டார் என்றாள். சாமியார் அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்.

அப்போதுதான் நோர்மாவுக்கு அந்த யோசனை வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி, ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் எட்டுக் குரல் சங்கீதம் ஒன்றை ஏழு பேராக வாசிப்பது. துல்லியோவின் நாற்காலி காலி, அவன் குரலும் காலி. பெயரை யாரும் வாசிக்க வேண்டாம், புத்தி யாரும் சொல்ல வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து மாடத்துக்குக் கீழே முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவன் ஊதியதைக் கேட்டவள் லிவியா. அடிக்குரல் இல்லாத இசையைக் கேட்டால் அவள் காதுக்கே தெரிந்துவிடும், அவன் இல்லை என்று.

மெஸ்த்ரேயில் ஒருத்தன் பெரிய கிளாரினெட் வைத்திருக்கிறான், கூட்டி வரட்டுமா என்று ஓரெஸ்தே கேட்டான். வேண்டாம் என்றாள். அவளாக ஒரு காலியிடத்தை விட்டுவைக்கிறாள் என்பதே ஓரெஸ்தேவுக்கு ஆச்சரியமாக இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

எழுத உட்கார்ந்தாள். முதல் மாடத்துக்கு எழுதியது மளமளவென்று முடிந்தது. இரண்டாவது மாடத்துக்கு வந்தபோது கை ஓடவில்லை. மூன்று குரல்களும் தரையில்லாத வீடு மாதிரி அந்தரத்தில் நின்றன. அதுதான் அவள் விரும்பியது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வரிக்கு அடியிலும் வெறுமையாகக் கிடந்த, சுரம் எழுதும் அந்த ஐந்து கோடுகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தம்பி இருந்த இடத்தைத் தன் கையாலேயே துடைத்து எடுப்பது போலிருந்தது. மேஜையில் தலையைச் சாய்த்து அழுதாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள்.

வாத்தியக் குழுவில் வளர்ந்த யாருக்கும் தெரிந்த விஷயம் அது. இரண்டு கிளாரினெட் பக்கத்தில் பக்கத்தில் நின்று, உச்சத்தில், சுருதி பிசகாமல் இரண்டு சுரம் ஊதினால், அவற்றுக்கு ரொம்பக் கீழே மூன்றாவதாக ஒரு சுரம் காதில் கேட்கும். அதை யாரும் ஊதுவதில்லை. எங்கிருந்து வருகிறது என்று கை காட்ட முடியாது. காதுக்குள்ளேயே வண்டு முரல்வது போலிருக்கும். சுருதி சேர்ந்ததா என்று பார்க்க அந்தக் காலத்துக் குழுத் தலைவர் “மூணாவது ஆள் வந்தானா?” என்று கேட்பார். வந்தான் என்றால் சரி. ஒரு இம்மி பிசகினால் மூணாவது ஆள் போய்விடுவான்.

நோர்மா தன் குரலையும் ஓரெஸ்தேயின் குரலையும் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினாள். அங்கங்கே சுரங்களை மாற்றினாள். அவர்கள் இருவரும் மேலே ஊத ஊத, மூணாவது ஆள் கீழே துல்லியோவின் வரியில் நடக்கும்படி எழுதினாள். யாரிடமும் சொல்லவில்லை. இசைக்கு அஸ்திவாரம் வேண்டாமா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிப் பார்க்கும் ஆசையும் இருந்தது. எல்லாவற்றையும்விட, தம்பியை ஒரு தரமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. தன் திட்டத்தைத் தானே கெடுக்கிறோம் என்பது தெரிந்தும், மாடத்தில் இருக்கிற தங்கள் காதுக்கு மட்டும்தான் கேட்கும், கீழே பெஞ்சில் இருக்கிறவளுக்குக் கேட்காது என்று சமாதானம் கண்டுபிடித்தாள்.

ஒத்திகையில் முதல் மாடம் கேள்வியை முடித்தது. இரண்டாவது மாடம் பதிலைத் தொடங்கியது. நாலைந்து சுரம் போயிருக்காது, ஓரெஸ்தே ஊதுவதை நிறுத்திவிட்டான். காலி நாற்காலியைப் பார்த்தான்.

“இதை நீ வேணும்னே எழுதினியா?”

“எதை?”

அவன் சட்டைப்பையிலிருந்த இரும்புச் சாவியைத் தொட்டுக்கொண்டான். கெட்டது அண்டாமலிருக்க இங்கே எல்லாரும் இரும்பைத்தான் தொடுவார்கள். எல்தா தன் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டாள். அதன்பின் கடைசி வரை நிறுத்தாமல் வாசித்தார்கள்.

திருநாள் அன்று காலையிலிருந்தே பனி. எதிர்க்கரை தெரியவில்லை, கோவிலுக்குள்ளேயும் புகை போல மிதந்துகொண்டிருந்தது. பங்கு மக்கள் கலர் கலரான பாதாம் உருண்டைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தார்கள், பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்க. நோர்மா மாடத்திலிருந்து கீழே முதல் பெஞ்சை எட்டிப் பார்த்தாள். லிவியா இல்லை. வரவில்லை போலிருக்கிறது என்று நினைக்கும்போதே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. லிவியா மாடத்துக்கு ஏறி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஓரெஸ்தேவுக்கும் நோர்மாவுக்கும் நடுவே இருந்த துல்லியோவின் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“காலியா இருக்கே, நான் உக்காந்துக்கிறேன்” என்றாள்.

எழுந்து போ என்று சொல்ல நேரமில்லை. எதிர் மாடம் தொடங்கிவிட்டது. நோர்மா அப்போது ஒரே ஒரு சுரத்தைப் பிசகி ஊதியிருந்தால் போதும். உதட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் மூணாவது ஆள் வந்தே இருக்கமாட்டான். அவள் தளர்த்தவில்லை. ஆயுசு முழுக்கச் சுருதி பிசகாமல் ஊதிய உதடு. அதற்கு வேறு வழி தெரியவில்லை.

லிவியா முதலில் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு தலையை மெல்ல வலது பக்கம் திருப்பினாள், பிறகு இடது பக்கம். பிறகு நடுவில், தன் மடிக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நோர்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒன்பது மாசத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு. அவ்வளவு அழகாக இருந்தது. பார்க்கவே பயமாகவும் இருந்தது.

பூசை முடிந்து இறங்கும்போது “வந்துட்டாரு” என்று நோர்மாவின் காதில் சொன்னாள். அன்று நோர்மாவின் வீட்டில், கணவாய்க் கறியும் சோளக்களியும் வயிறாரச் சாப்பிட்டாள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். நடந்தது நல்லதுக்குத்தானோ என்று அந்த ஒரு வேளை மட்டும் நோர்மா நினைத்தாள்.

அதற்குப் பிறகு நிலைமை மோசமாயிற்று. லிவியா ஜன்னலில் நின்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தேவையில்லையாம், எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிட்டதாம். வேலை முடிந்து நேராகக் கோவிலுக்கு வந்து, மாடத்தில் அந்த நாற்காலியில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள். கோவிலைப் பூட்ட வரும் கோவில்பிள்ளை சாவியைக் குலுக்கிக் காட்டினால்தான் எழுவாள். அவர் அருகில்தான் இருக்கிறார், ஆனால் தானாக வர முடியவில்லை, யாராவது போய்க் கைபிடித்துக் கூட்டி வர வேண்டும் என்று எல்தாவிடம் சொன்னாளாம். எல்தா அதை நோர்மாவிடம் சொல்வதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. கோவிலின் பக்கவாட்டில், முன்பெல்லாம் சவப்பெட்டியைப் படகில் ஏற்றும் படித்துறை உண்டு. அங்கே சுவரில் பதித்த இரும்பு வளையத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், மற்றக் கையைப் பனிக்குள் நீட்டியபடி லிவியா நின்றுகொண்டிருந்ததைச் சிஸ்தோ சாமியார் பார்த்தார். கிழவர் அங்கியோடு தண்ணீரில் இறங்கி இழுத்து வந்தார்.

அவளைத் தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, நோர்மா சமையலறையில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூணாவது ஆள், ஏற்றி எழுதியது, பிசகாமல் ஊதியது, எதையும் மறைக்கவில்லை. அவர் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்கிட்ட சொன்னா உனக்குப் பாவமன்னிப்பு கிடைக்கும்மா. அவளுக்கு என்ன கிடைக்கும்? போய் அவகிட்ட சொல்லு” என்றார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், ஆளில்லாத கோவிலில் மூன்று பேரும் மாடம் ஏறினார்கள். ஓரெஸ்தே கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். லிவியா வழக்கம் போல நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். நோர்மா நின்றுகொண்டே பேசினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வார்த்தைக்குத் திண்டாடினாள், எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை.

“அன்னிக்கு நீ கேட்டது துல்லியோ இல்லடி. நான் பண்ணின வேலை. பாரு.”

இருவரும் ஊதினார்கள். கீழே அந்தச் சுரம் வந்தது. லிவியாவின் முகம் மலரத் தொடங்கியது. நோர்மா உதட்டைத் தளர்த்தினாள், சுரம் அணைந்துவிட்டது. மறுபடி சேர்த்தாள், வந்தது. தளர்த்தினாள், போயிற்று. ஓரெஸ்தே தனியாக ஊதினான்: ஒன்றுமில்லை. நோர்மா தனியாக ஊதினாள்: ஒன்றுமில்லை. லிவியா திரும்ப ஊதச் சொல்லிக் கையால் காட்டினாள். இந்தத் தடவை விரலால் காதைப் பொத்திக்கொண்டு, எடுத்து, பொத்தி, எடுத்துப் பார்த்தாள். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

“அப்போ அன்னிக்கு இங்க யாரும் இல்ல.”

“இல்லடி.”

“நீங்கதான்.”

“நான்தான்.”

லிவியா திட்டவில்லை. திட்டியிருந்தால் நோர்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“மூணு வாரம் அவரை எனக்கு உயிரோட குடுத்தீங்க அக்கா. இப்ப திருப்பி வாங்கிக்கிட்டீங்க.”

சொல்லிவிட்டு அழுதாள். அவன் காணாமல் போனதிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. நாற்காலியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதும் குலுங்க, வெகுநேரம் அழுதாள். ஓரெஸ்தே மூக்கைச் சிந்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். கடைசியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாமியாரிடம் சொல்லிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெயரை வாசிக்கட்டும் என்றாள். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் அது எங்களுக்குத் தெரிந்த பழைய லிவியாவின் குரல். படி குறுகல், ஓரெஸ்தே முன்னால் இறங்கி, அவள் கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிப் போனான்.

நோர்மா மேலேயே நின்றாள். உடம்பெல்லாம் விட்டுப் போயிருந்தது, ஆனால் மனசு லேசாக இருந்தது. கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றினாள். உள்ளே துணி விட்டுத் துடைத்தாள். ஒவ்வொரு துண்டாகப் பெட்டியில் அதனதன் குழியில் வைத்தாள்.

அப்போது அந்தச் சுரம் கேட்டது.

இவ்வளவு நேரம் ஊதியதன் மிச்சம், காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். காதைப் பொத்தினாள். நின்றது. கையை எடுத்தாள். கேட்டது. காதுக்குள் முரல்கிற வண்டு இல்லை இது. நடு நாற்காலியிலிருந்து, ஆள் உட்கார்ந்தால் நெஞ்சு இருக்கும் உயரத்திலிருந்து வந்தது. சங்கீதத்தின் அடிக்குரல், முதலிலிருந்து. அவள் எழுதியதில் சில இடங்களில் மூணாவது ஆளால் எட்ட முடியவில்லை. அங்கெல்லாம் வேறு சுரம் போட்டுத் தாண்டியிருந்தாள். இது ஒன்றையும் தாண்டவில்லை. பழைய ஏட்டில் இருந்தது இருந்தபடி, அந்தத் தாழ்ந்த இடங்களுக்கெல்லாம் இறங்கி நடந்தது. வரி முடிந்த இடத்தில் நின்றது. உள்ளே காற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த வரி தொடங்கியது.

மூணாவது ஆள் மூச்சு வாங்குவதில்லை.

“அக்கா” என்று கீழேயிருந்து லிவியாவின் குரல் வந்தது. “இன்னுமா ஊதிட்டிருக்கீங்க? போதும். எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

நோர்மா பெட்டியைப் பார்த்தாள். கிளாரினெட் ஐந்து துண்டாக வெல்வெட்டில் கிடந்தது. கீழே இருக்கிறவளுக்கும் கேட்கிறது. தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கையை நீட்டினால் அவன் தோள் தட்டுப்படும் தூரம். எங்கேடா போனே, யார்டா உன் படகைக் கட்டினது என்று கேட்க வேண்டும். ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், அவன் பதில் சொல்வான் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் கீழே நிற்கிறவள் நேராகப் படித்துறைக்குப் போவாள் என்பதும் தெரிந்தது.

“ஆமாடி, நான்தான்” என்றாள். “முடிச்சுட்டேன். இதோ வரேன்.”

சுரம் பாதி வரியில் நின்றது. வேண்டாம் என்று சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு ஒருவன் நிறுத்துவது போல நின்றது. நோர்மா பெட்டியை மூடி, நாற்காலிப் பக்கம் திரும்பாமல், சுவரைத் தடவித் தடவிப் படி இறங்கினாள். கீழே ஓரெஸ்தே அவள் கையிலிருந்த பெட்டியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கண்ணாலேயே அவனை அடக்கினாள். லிவியா அவள் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டு, ஏதாவது சூடாகக் குடிக்கலாமா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிஸ்தோ சாமியார் அந்த மாதத்து ஆத்துமாக்களின் பெயர்களை வாசித்தார். கறுப்பு உடுத்திய லிவியா முதல் பெஞ்சில் நிமிர்ந்து நின்றாள். துல்லியோ புசெத்தோ என்று வந்தபோது, இளைப்பாறட்டும் என்று கோவிலில் எல்லாரும் பதில் சொன்னார்கள். லிவியாவின் குரல் மற்றவர்கள் குரலுக்கு மேலே கணீரென்று கேட்டது. பக்கத்தில் நின்ற நோர்மாவால் மட்டும் வாயைத் திறக்க முடியவில்லை.